தாமாகவே வெளியேறினார்கள்

யாராவது "சரிங்க" என்று சொன்னால் அவளுக்கு ஆகாது. முகமே மாறிவிடும். எதிரில் இருப்பவர் பல்லுப்போன கிழவராக இருந்தாலும் சரி, நேற்றுதான் பாலத்தடிக்கு வந்து சேர்ந்த பிள்ளைத்தாய்ச்சியாக இருந்தாலும் சரி, "இன்னாத்துக்கு சரி? அவங்க இன்னா கேட்டாங்கனு தெரியுமா உனுக்கு?" என்று பிடித்துக்கொள்வாள். பதில் வரும்வரை விடமாட்டாள். வேலைக்குச் சேர்ந்த புதிதில், நொந்துபோய் வருகிற ஜனங்களை இப்படியா மிரட்டுவது என்று எனக்கே அவள்மேல் எரிச்சலாக வந்தது. இப்போது எரிச்சல் வேறு ஆட்கள்மேல் இருக்கிறது. அதில் முதல் ஆள் நான்.

பழவேற்காடு பேருந்து நிலையத்துக்குப் பக்கத்தில் வாடகைக்கு எடுத்த ஓர் அறைதான் எங்கள் அலுவலகம். வீடு இல்லாமல் ஏரிக்கரையிலும் பாலத்தடியிலும் கிடக்கிற பழங்குடி மக்களுக்கு மனநல ஆலோசனை கொடுக்கிற திட்டம். வெளியூர் நிறுவனம் ஒன்று நடத்தியது. நான் ஆலோசகர். படித்துப் பட்டயம் வாங்கியவள், நாற்பத்து மூன்று வயது, பக்கத்துக் கடலோர மீனவர் குப்பத்தில் பிறந்தவள். அவள் களப்பணியாளர். முப்பது வயது இருக்கும். இருளர் பெண். அந்த ஜனங்களிலிருந்தே ஒருவரை எடுக்க வேண்டும் என்று திட்டத்தில் எழுதியிருந்ததால் எடுத்தார்கள். எழுதாமல் விட்டிருந்தால் கூட்டிப் பெருக்கத்தான் கூப்பிட்டிருப்பார்கள்.

அவள் வளர்ந்தது ஓர் அரிசி ஆலையில். பெற்றவர்கள் அங்கே கொத்தடிமை. நெல் அவிக்கிற கொட்டகைக்குப் பின்னால்தான் குடியிருப்பு. எழுப்பும்போது சரிங்க, திட்டும்போது சரிங்க, கூடப்பிறந்தவன் சாவுக்குப் போகாதே என்றாலும் சரிங்க. "எங்க நைனா கடைசியா பேசுனதும் அதான் மேடம்" என்று ஒருநாள் சொன்னாள். மூச்சு வாங்கிக்கொண்டு கிடந்தவரிடம், ஆஸ்பத்திரிக்கு நாளைக்குப் போய்க்கொள்ளலாம் என்று ஆலைக்காரர் சொல்லியிருக்கிறார். அவரும் சரிங்க என்றிருக்கிறார். அந்த நாளை வரவில்லை. இதைச் சொல்லும்போது அவள் அழவில்லை, கையில் இருந்த கீரையை ஆய்ந்துகொண்டே சொன்னாள்.

எங்கள் அறையில் எதிரெதிராக இரண்டு நாற்காலிகள் இருந்தன. சுவரில் சிரித்த முகம், அழுத முகம், கோபமான முகம் என்று வரிசையாகப் படங்கள். 'இன்று உங்கள் மனம் எப்படி இருக்கிறது, தொட்டுக் காட்டுங்கள்' என்று நான் கேட்க வேண்டும். கேட்டால் சிரிப்பீர்கள், பயிற்சியில் அப்படித்தான் சொல்லிக் கொடுத்தார்கள். பசியாவரம் பக்கத்திலிருந்து வந்த ஒரு பெண் நாற்காலியின் நுனியில் ஒட்டிக்கொண்டு, நான் எதைக் கேட்டாலும் சரிங்க, சரிங்க என்றாள். சிரித்த முகத்தைத் தொட்டாள். அவள் குடிசை எரிந்து பத்து நாள்கூட ஆகவில்லை.

அந்தப் பெண் போனதும் இவள் நாற்காலிகளை மடக்கிச் சுவரில் சாய்த்தாள். "மேடம், எங்காளுங்கள நாற்காலில குந்த வெச்சா, எதுக்கு குந்த வெச்சாங்கனுதான் யோசன ஓடிக்கினு இருக்கும். அடிக்கப் போறாங்களா, கைநாட்டு வாங்கப் போறாங்களானு. மனசுல கீறது எப்படி வரும்?"

"அப்போ எங்கே பேசுறது?"

"எறா தடவப் போறப்ப வாங்க."

இறால் தடவுவது என்றால் வலையும் இல்லை, படகும் இல்லை. ஏரியோரத்தில் இடுப்பளவு தண்ணீரில் முட்டி போட்டு, இரண்டு கையாலும் சேற்றைத் தடவிக்கொண்டே நகர்வார்கள். பிடித்த இறாலைப் போட பனை ஓலையில் முடைந்த பறி. அதன் கயிற்றைப் பல்லால் கடித்துக்கொள்வார்கள். ஏழெட்டுப் பெண்கள் வரிசையாக, ஒருவர் முகத்தை ஒருவர் பார்க்காமல், ஒரே பக்கமாகப் போய்க்கொண்டிருப்பார்கள். ஒரு மணி நேரம், ஒன்றரை மணி நேரம் பேச்சே இருக்காது. "வாயில பறி இருக்கறப்ப யாரும் சரிங்க சொல்ல முடியாது பாருங்க" என்று அவள் என்னிடம் சிரித்தாள். கரையேறி, ஈரப் புடவையோடு மண்ணில் குந்தி, இறாலை வகை பிரிக்கும்போதுதான் பேச்சு வரும். அதுவும் யாரிடம் என்று இல்லாமல், கையில் இருக்கிற இறாலைப் பார்த்துக்கொண்டு வரும். பசியாவரம் பெண், குடிசையைக் கொளுத்தியது யார் என்று அங்கேதான் சொன்னாள். கேட்டுக்கொண்டிருந்தவர்கள் யாரும் ஆறுதல் சொல்லவில்லை. ஒருத்தி கெட்ட வார்த்தை ஒன்று சொன்னாள், எல்லோரும் ஆமோதித்தார்கள். அந்தப் பெண் அன்றைக்கு நன்றாகச் சாப்பிட்டாள்.

மூன்றாவது தடவை நானும் தண்ணீரில் இறங்கினேன். குப்பத்தில் பேச்சாகிவிட்டது. எங்கள் ஆட்கள் ஏரியை முறை வைத்துப் பங்கு போட்டுக்கொள்வார்கள், யார் எந்த நாள் எந்த இடத்தில் வலை கட்டலாம் என்று. அந்தப் பங்கில் இருளருக்கு ஒரு சாண் தண்ணீர் கிடையாது. கரையோரச் சேறுதான் அவர்களுக்கு. அதுவும் எங்கள் ஆட்கள் மனது வைத்தால்தான். நாங்கள் தடவிக்கொண்டிருந்தபோது என் சித்தப்பா மகனின் படகு வந்தது. "ஏய், அப்பால போங்க, வல கட்டணும்" என்று கத்தினான். எல்லோரும் எழுந்து நகர ஆரம்பித்துவிட்டார்கள். இவள் மட்டும் நகரவில்லை. பறியை வாயிலிருந்து எடுத்து, "மேடம், உங்க ஆளுதான. சொல்லுங்க" என்றாள். அவனும் அப்போதுதான் என்னைப் பார்த்து, "இன்னாக்கா, நீ இன்னா இங்க?" என்றான். நான் வெயிலை மறைக்கிற மாதிரி கையை நெற்றிக்குக் கொண்டுபோனேன். அவள் ஒரு நிமிடம் என்னைப் பார்த்துவிட்டுப் பறியைக் கடித்துக்கொண்டாள்.

அவளுடைய வைத்தியத்தில் டீயும் உண்டு. பாலத்தடியில் இருக்கிறவர்களுக்குத் தூக்கில் டீ கொண்டுபோவாள். "டீ வேணுமா?" என்பாள். "சரிங்க" என்றால் ஊற்றமாட்டாள். "வேணும்னு சொல்லு, இல்ல வேணாம்னு சொல்லு." பெரியவர் ஒருவர் நான்கு நாள் டீயே குடிக்கவில்லை, அந்த வார்த்தை அவருக்கு வரவே மாட்டேன் என்றது. இதென்ன கொடுமை என்று நான் அவளிடம் சண்டை போட்டேன். ஐந்தாம் நாள் அவர் டம்ளரை நீட்டி, "வேணும்" என்றார். குடித்துவிட்டு, "சக்கர கம்மி" என்று முறைத்தார். அவள் சிரித்த சிரிப்பில் டீ தூக்கு கவிழ்ந்துவிட்டது. அன்றிலிருந்து அவர் எல்லோரையும் குறை சொல்ல ஆரம்பித்தார். கொசு, போலீஸ், மழை, என் செருப்புச் சத்தம், எதையும் விட்டுவைக்கவில்லை. இவள் அதையெல்லாம் காது குளிரக் கேட்பாள்.

இதையெல்லாம் ஒன்றரை வருடம் பக்கத்திலிருந்து பார்த்தவள் நான். பார்த்தும் அப்படிச் செய்தேன். நினைத்தால் இன்றைக்கும் தலையில் அடித்துக்கொள்ளத் தோன்றுகிறது.

கன்னியப்பன் என்று ஒருவர். வருடக்கணக்கில் அலைந்து, திருப்பாலைவனம் போகிற சாலையிலிருந்து உள்ளே தள்ளி, அவருக்கு ஒரு தொகுப்பு வீடு கிடைத்திருந்தது. நான்கு சுவரும் காங்கிரீட் கூரையும். அவர் வம்சத்தில் முதல் வீடு. குடிவந்த எட்டாம் மாதம், ஐப்பசி மழையில் காய்ச்சல் கண்டு மனைவி அந்த வீட்டிலேயே இறந்துபோனார். காரியம் முடிந்ததும் கன்னியப்பன் கதவைச் சாத்திவிட்டு, இரண்டு பெண் பிள்ளைகளையும் சட்டி பானையையும் எடுத்துக்கொண்டு பாலத்தடிக்கு வந்துவிட்டார்.

சாவு விழுந்த குடிசையில் அந்தக் குடும்பங்கள் இருப்பதில்லை. பனை ஓலைக் குடிசையாக இருந்த காலத்தில் அது பெரிய விஷயமில்லை, பக்கத்தில் இன்னொன்று கட்டிக்கொள்ள அரை நாள் போதும். காங்கிரீட் வீட்டை அப்படி விட முடியாதே. அதனால் ஒரு வழி வைத்திருந்தார்கள். வீட்டைச் சாத்திவிட்டு வெளியே இருப்பார்கள். மாசிப் பௌர்ணமிக்குக் கடற்கரையில் கன்னியம்மாவைக் கும்பிடக் கூடும்போது, செத்தவர் யார் மேலாவது வந்து பேசுவார். 'வா' என்று சொல்லிவிட்டால் மஞ்சள் தண்ணீர் தெளித்து, விளக்கேற்றி, பழையபடி குடிபோகலாம். அதுவரை அந்த வீடு செத்தவருடையது. இது எனக்குப் பின்னால்தான் தெரிந்தது. வாயைத் திறந்து கேட்டிருந்தால் முன்னாலேயே தெரிந்திருக்கும்.

கார்த்திகையில், வீடு ஒதுக்குகிற அலுவலகத்துக்காக எங்கள் நிறுவனம் எடுக்க வேண்டிய கணக்கெடுப்பு ஒன்று வந்தது. ஏன் வீடில்லை என்ற கேள்விக்கு மூன்று கட்டங்கள். வீடே கிடைக்கவில்லை. வெளியேற்றப்பட்டார். தாமாகவே வெளியேறினார். அன்றைக்கு இவள் லீவு, குழந்தைக்குக் காய்ச்சல் என்று பொன்னேரி ஆஸ்பத்திரிக்குப் போயிருந்தாள். நாளைக்கு அவளோடு போகலாம் என்று நான் நினைத்தேன். சாயங்காலத்துக்குள் எல்லாப் படிவமும் வேண்டும் என்று திட்ட மேலாளர் போன் செய்தார். நான் தனியாகப் போனேன்.

"யாராவது விரட்டினாங்களாண்ணா?"

"இல்லீங்க."

"அப்போ நீங்களாத்தான் வீட்ட விட்டு வந்தீங்களா?"

"ஆமாங்க."

"திரும்பிப் போறீங்களா?"

"இப்ப இல்லீங்க."

"அப்போ வேணாம்னு எழுதிக்கட்டுமா?"

கன்னியப்பன் தரையைப் பார்த்துக்கொண்டு, "சரிங்க" என்றார்.

நான் மூன்றாவது கட்டத்தில் டிக் போட்டேன். கைநாட்டு வாங்கி, கீழே என் கையெழுத்தைப் போட்டேன். அவர் விரலில் ஒட்டிய மையைத் துடைக்க என் கைக்குட்டையைக் கொடுத்துவிட்டு, மனிதரை எவ்வளவு மரியாதையாக நடத்துகிறோம் என்று எனக்குள்ளே மெச்சிக்கொண்டேன். 'இப்ப இல்லீங்க' என்றாரே, அப்புறம் எப்போது என்று கேட்க எனக்கு வாய் இல்லை. படித்த படிப்பைத் தூக்கி அடுப்பில் போட வேண்டும்.

மாசி வந்தது. கடற்கரையில் கன்னியப்பனின் அண்ணி மேல் அவர் மனைவி வந்து பேசினாராம். பிள்ளைகளுக்கு எண்ணெய் வைத்துத் தலை வாரினாராம். வா என்றாராம். கன்னியப்பன் குடத்தில் மஞ்சள் தண்ணீரும் வேப்பிலையுமாகப் பிள்ளைகளைக் கூட்டிக்கொண்டு வீட்டுக்குப் போனால், கதவில் வேறு பூட்டு. சன்னல் வழியாகப் பார்த்தால் உள்ளே முழுக்க சிமென்ட் மூட்டை. பயனாளி தாமாகவே வெளியேறிவிட்டதால் ஒதுக்கீடு ரத்து என்று கதவில் காகிதம் ஒட்டியிருந்தது. பக்கத்தில் வேலை எடுத்த யாரோ ஒரு கான்டிராக்டர் அதைக் கிடங்காக்கிக்கொண்டிருந்தார்.

கன்னியப்பன் திரும்பப் பாலத்தடிக்கு வந்தார். அதற்குப் பிறகு சரியாகச் சாப்பிடவில்லை. இவள் போய்ப் பக்கத்தில் குந்தினாள். ஒன்றும் கேட்கவில்லை. மூன்று நாள் அப்படியே போய்க் குந்திவிட்டு வந்தாள். மூன்றாம் நாள் அவராகவே சொன்னார். "வானு கூப்ட்டுட்டா. வந்து உள்ள காத்துக்கினு கீறா. மூட்டைங்களுக்கு நடுவுல தனியா கீறா. நான் வர்லனு நெனச்சிக்கினு இருப்பா."

மேலாளரிடம் இதைச் சொன்னேன். துயர நோய், மனநல மருத்துவரிடம் அனுப்பி மாத்திரை வாங்கிக் கொடுங்கள் என்றார். இவள் போனை என் கையிலிருந்து வாங்கினாள். "மாத்திர குடுங்க சார், வேணாங்கல. பூட்ட யாரு தொறக்கறது?"

வீடு ஒதுக்குகிற அலுவலகத்துக்கு அவளே போய், அந்த ரத்துக்கு ஆதாரமான காகிதத்தின் நகலை வாங்கிவந்தாள். முதியோர் வகுப்பில் எழுத்துக் கற்றவள், விரல் வைத்துத்தான் படிப்பாள். என் முன்னால் நின்று, ஒவ்வொரு வரியாக விரல் வைத்து இறங்கிவந்தாள். அடியில் வந்ததும் விரல் நின்றது.

"மேடம், இது உன் கையெழுத்தா?"

அதுவரை அவள் என்னை நீ என்று சொன்னதில்லை.

"அவரு ஆமாங்கன்னாரு. சரிங்கன்னாரு" என்றேன்.

"சொல்லுவான். செத்துப்போன்னாலும் சொல்லுவான். அது தெரிஞ்சிக்கத்தான ஒன்ற வருசமா என் பின்னாடி நடந்த? பொண்டாட்டி செத்து ஒரு மாசம் ஆவல. அவன்கிட்ட போயி கட்டத்தக் காட்டி இன்னானு கேப்ப நீ?" அவள் குரலை உயர்த்தவே இல்லை. உயர்த்தியிருந்தால் எனக்கு நன்றாக இருந்திருக்கும்.

அந்த அலுவலகத்தில் ஒரு வழி சொன்னார்கள். கணக்கெடுத்த நிறுவனமே தவறாகப் பதிந்துவிட்டோம் என்று, யார் தவறு என்ற விவரத்தோடு எழுதிக் கொடுத்தால், வீட்டைத் திருப்பிக் கொடுக்கலாம். நான் எழுத உட்கார்ந்தேன். மேலாளர் நேரில் வந்துவிட்டார். ஆலோசகர் தவறு என்று போனால் திட்டமே நின்றுவிடும், அடுத்த வருடம் அனுமதி வராது, எத்தனை பேர் பாதிக்கப்படுவார்கள் யோசியுங்கள் என்றார். களப்பணியாளர் வழக்கத்தைச் சரியாக மொழிபெயர்த்துச் சொல்லவில்லை என்று எழுதிவிடுங்கள் என்றார். மொழிபெயர்ப்பாம். கன்னியப்பன் பேசியது தமிழ், நான் கேட்டதும் தமிழ். நடுவில் மொழிபெயர்க்க அங்கே என்ன இருந்தது?

அவளிடம் போய்ச் சொன்னேன். நான் ஒத்துக்கொள்ள மாட்டேன் என்று அவள் எதிரில் கொஞ்சம் வீரம் பேசினேன்.

"வீடு வருமா?" என்று கேட்டாள்.

"வரும். ஆனா நீ அன்னிக்கு அங்க இல்லவே இல்லயேம்மா."

"இல்லாதவங்க மேலதான எப்பவும் எழுதுவீங்க. எழுது. பங்குனி பொறக்கறதுக்குள்ள அவன் உள்ள போவணும்."

நான் எழுதினேன். எனக்கு வேலை வேண்டியிருந்தது, அதை மறைக்கப் போவதில்லை. திட்டம் நிற்கும், ஜனங்கள் பாதிக்கப்படுவார்கள் என்று மேலாளர் சொன்னதையெல்லாம் எனக்கு நானே சொல்லிக்கொண்டேன். அந்த வாரமே அவளை வேலையிலிருந்து நிறுத்தினார்கள்.

சாவி கிடைத்த அன்று நானும் போனேன். மூட்டைகளை வெளியே தூக்கிப்போட்டுக்கொண்டிருந்தார்கள். அவளும் தூக்கினாள், தலையெல்லாம் சிமென்ட். கன்னியப்பன் வாசலில் மஞ்சள் தண்ணீர் தெளித்தார். உள்ளே போய் விளக்கை வைத்துவிட்டு, மூலையைப் பார்த்து, "லேட்டாயிட்டுச்சு. கோச்சுக்காத" என்றார். பிள்ளைகள் இரண்டும் அவர் வேட்டியைப் பிடித்துக்கொண்டு நின்றன. நானும் செருப்பைக் கழற்றினேன். அவள் வாசலுக்கு வந்து, "நீங்க வேணாம் மேடம்" என்றாள். திரும்பவும் 'நீங்க' ஆகிவிட்டேன். வெயிலில் கொஞ்ச நேரம் நின்றுவிட்டு பஸ் ஏறினேன்.

ஆறு மாதம் கழித்து நகரத்தில் ஒரு பெரிய ஹோட்டலில் பயிற்சி வகுப்பு. பண்பாட்டைப் புரிந்துகொண்டு பழங்குடியினருக்கு ஆலோசனை தருவது எப்படி என்று நான் பேச வேண்டும். நாற்காலியை மடக்கியது, ஏரிக்கரை, பக்கத்தில் போய்ச் சும்மா குந்துவது, டீ எல்லாம் படமாகத் திரையில் ஓடியது. எழுந்து நின்று கைதட்டினார்கள். இது எங்கள் களப்பணியாளர் ஒருவர் செய்தது என்று சொன்னேன். யார், பெயரைச் சொல்லுங்கள், அடுத்த முறை கூப்பிட்டு ஒரு சான்றிதழ் கொடுக்கலாமே என்றார்கள். மேலாளர் முன்வரிசையில் உட்கார்ந்து செல்போனைப் பார்த்துக்கொண்டிருந்தார்.

ஊருக்கு வந்ததும் அவளைத் தேடிப்போனேன். இறால் கூடையோடு பேருந்துக்கு நின்றுகொண்டிருந்தாள். சான்றிதழ் விஷயத்தைச் சொன்னேன். உன் பெயரை எழுதி அனுப்பட்டுமா என்று கேட்டேன்.

"வேணாம். என் பேர இனிமே நீ எங்கயும் எழுதாத" என்றாள். பேருந்து வந்தது, ஏறிப் போய்விட்டாள்.

அதனால்தான் இதில் எழுதவில்லை. தெரிந்துகொள்ள வேண்டுமென்றால் வீடு ஒதுக்குகிற அலுவலகத்தில் கன்னியப்பனின் கோப்பை எடுத்துப் பாருங்கள். தவறுக்குப் பொறுப்பானவர் என்ற இடத்துக்கு எதிரே இருக்கிறது. இனிஷியலோடு, எழுத்துப்பிழை இல்லாமல், என் கையெழுத்தில்.